மனித ஜீனோமில் புரதம் எழுதாத பகுதியைக் கணினி எப்படிப் படிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்த்தகவலியல் படிக்க வரும் மாணவர்களும், கையில் ஜெனெடிக் ரிப்போர்ட்டோடு குழம்பி நிற்பவர்களும், பள்ளி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தகம் மரபணு, புரதம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஜீனோமின், அதாவது நம் முழு டி.என்.ஏ தொகுப்பின், பெரும்பகுதி அதற்கு வெளியே இருக்கிறது. அந்தப் பகுதியில் நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் எந்தக் கருவியால் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அதனால் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரதத்துக்கான குறிப்பு இல்லாத பகுதி உண்மையில் எவ்வளவு?

பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு முழுத் தொகுப்பு சுமார் 310 கோடி எழுத்து. ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். புரதம் எழுதும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் நேரடியாகப் புரதமாக மாறும் துண்டுகளை மட்டும் கூட்டினால் மொத்தத்தில் 2 சதவீதம்கூட வராது.

2001இல் ஜீனோமின் முதல் வரைவு வெளியானபோதே, ஏறக்குறைய 45 சதவீதம் இடம் விட்டு இடம் தாவும் டிரான்ஸ்போசான்களின் மிச்சம் என்று கணக்கிட்டிருந்தார்கள். எல்1 என்ற குடும்பத்துக்கு மட்டும் சுமார் 5 லட்சம் பிரதிகள், 17 சதவீத இடம். ஆலு என்ற குட்டிக் குடும்பத்தில் ஒவ்வொன்றும் 300 எழுத்துதான், ஆனால் 10 லட்சத்துக்கு மேல் இருப்பதால் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் டி.என்.ஏ-வுக்குள் தம்மை நுழைத்துக்கொண்ட பழைய ரெட்ரோவைரஸ்கள் விட்டுச்சென்றது சுமார் 8 சதவீதம். 2022இல் முழுமையான வரிசை வந்த பிறகு எல்லா வகை ரிப்பீட்களையும் (திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை) சேர்த்து 54 சதவீதம் என்று கணக்கு வந்தது.

இந்தச் சதவீதங்களை ஒன்றோடொன்று கூட்டி 100 வரவில்லையே என்று பலர் கேட்பார்கள். கூட்டக் கூடாது. இன்ட்ரான் என்பது மரபணுவுக்குள், புரதத் துண்டுகளுக்கு இடையே இருக்கும் இடம். ஆலு என்பது ஒரு வரிசையின் வம்சம். ஏராளமான ஆலுக்கள் இன்ட்ரான்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரே எழுத்து இரண்டு கணக்கிலும் வரும்.

ரிப்பீட் என்றால் எல்லாம் ஒரே வகையா?

இல்லை. எல்1, ஆலு போன்றவை ஜீனோம் முழுக்கச் சிதறிக் கிடப்பவை. இன்னொரு வகை வரிசையாக ஒட்டி வருபவை: குரோமோசோம் முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்குத் தொடர்ந்து வரும். இரண்டு முதல் ஆறு எழுத்துவரை உள்ள குட்டிகளை மைக்ரோசேட்டிலைட் என்பார்கள். குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரில் 171 எழுத்து நீளமுள்ள ஆல்ஃபா சேட்டிலைட் லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அடுக்கடுக்காக நீளும். மூன்றாவது வகை, ஆயிரம் எழுத்துக்குக் குறையாத பெரிய துண்டுகள் அப்படியே நகலாகி வேறு இடத்தில் கிடப்பது. இந்த மூன்றாவது வகைதான் நோய் கண்டறிதலில் அதிகம் தொல்லை தரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு ஆலுவைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி பாதி தானாகப் புரியும்.

முதலில் ஆலு எப்படி இருக்கும் என்று பாருங்கள். 7எஸ்எல் என்ற ஆர்.என்.ஏ மரபணுவிலிருந்து பிறந்த இரண்டு பாதிகள், நடுவில் ஏ எழுத்துகள் நிறைந்த ஒரு இணைப்பு, கடைசியில் ஏ எழுத்துகளாலான வால். தாவுவதற்கான புரதம் ஆலுவிடம் சொந்தமாக இல்லை. எல்1 தயாரிக்கும் இயந்திரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அது வந்து நுழையும்போது இரு பக்கமும் சில எழுத்துகள், வழக்கமாக 7 முதல் 20 வரை, இரட்டிப்பாகின்றன. அந்த இரட்டை எழுத்துகள்தான் “இங்கே ஒன்று வெளியிலிருந்து வந்து நுழைந்தது” என்பதற்கான கைரேகை.

நுழைந்த நாள் முதல் ஒவ்வொரு பிரதியும் தன் போக்கில் எழுத்துகளை இழந்தும் மாற்றியும் வந்திருக்கிறது. 10 லட்சம் பிரதிகளையும் அடுக்கி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்து அதிகம் என்று பார்த்தால், நுழைந்த காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்ற ஒரு மூல வரிசை கிடைக்கும். இப்படிப்பட்ட மூல வரிசைகளைச் சேர்த்து வைத்த நூலகங்கள் உண்டு. ஜெர்சி ஜுர்கா தொடங்கிய ரெப்பேஸ் பழையது. டிஃபாம் புதியது, எல்லோருக்கும் திறந்தது. டிஃபாம் மூல வரிசையோடு நிற்காமல், ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்து எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற புள்ளியியல் மாதிரியையும் வைத்திருக்கிறது. அதனால் மிகவும் சிதைந்த பிரதிகளையும் பிடிக்க முடிகிறது.

ஆரியன் ஸ்மிட்டும் ராபர்ட் ஹப்லியும் வளர்த்த ரிப்பீட்மாஸ்கர் என்ற மென்பொருள் இந்த நூலகத்தை ஜீனோமோடு ஒப்பிடும். அதன் வெளியீட்டில் ஒரு வரியை எடுத்துப் பார்த்தால், பொருத்தத்தின் மதிப்பெண், மூல வரிசையிலிருந்து எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது, எத்தனை எழுத்து விடுபட்டிருக்கிறது, எத்தனை நுழைந்திருக்கிறது, குரோமோசோமில் எந்த இடம், எந்தத் திசை, எந்தக் குடும்பம், மூல வரிசையின் எந்தப் பகுதி என்று எல்லாம் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் குடும்பப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த மாறிய சதவீதம். அதுதான் வயது.

ஒரு பிரதி மூல வரிசையிலிருந்து 10 சதவீதம் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயற்கைத் தேர்வின் அழுத்தம் எதுவும் இல்லாமல் ஓர் எழுத்து மாற ஆண்டுக்கு 100 கோடியில் சுமார் 2.2 வாய்ப்பு என்று எடுத்தால், அது நுழைந்து ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டு ஆகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்கள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு வேகமாக மாறும், ஏனென்றால் அங்குள்ள சி-யில் மெத்தில் என்ற சிறு வேதித் துண்டு ஏறி அது டி-யாகச் சரிந்துவிடும். ஆலுவில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. அவற்றைத் தனியாகக் கையாளாமல் வயது கணக்கிட்டால், ஆலு இருப்பதைவிடப் பழையதாகத் தெரியும்.

ஆலு குடும்பத்துக்குள்ளேயே ஜே பழையது, எஸ் நடுவயது, ஒய் இளையது. இன்றும் தாவுபவை பெரும்பாலும் ஒய் பிரிவைச் சேர்ந்தவை.

நூலகத்தில் இல்லாத புது ரிப்பீட்டை எப்படிப் பிடிப்பது?

ஜீனோமைத் தன்னோடு தானே ஒப்பிடுவதுதான் வழி. குறிப்பிட்ட நீளமுள்ள எழுத்துச் சரங்களை எண்ணி, எதிர்பார்ப்புக்கு மேல் அதிகமாக வருபவற்றை விதையாக எடுத்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போவார்கள். ரிப்பீட்மாடலர் இப்படித்தான் வேலை செய்கிறது.

அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்தவற்றை என்ன செய்வது? 2011இல் ஒரு குழு, ஒன்றுக்கொன்று நெருங்கிய சரங்களைக் கூட்டமாகத் திரட்டித் தேடி, மனித ஜீனோமில் மூன்றில் இரண்டு பங்கு ரிப்பீட்களிலிருந்து வந்தது என்று மதிப்பிட்டது. 45, 54, 66 என்று எண்கள் மாறுவதற்குக் காரணம் புரிகிறதா? ஜீனோம் அதேதான், எந்த வகைகளைச் சேர்க்கிறோம், எவ்வளவு வரிசை கையில் இருக்கிறது, எவ்வளவு சிதைவைப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற அளவுகோல் மாறுகிறது. யாராவது ஒரு சதவீதத்தை உறுதியாகச் சொன்னால், எந்த முறையில் என்று கேளுங்கள்.

ஒட்டி வரும் ரிப்பீட்களுக்கும் இதே மென்பொருள்தானா?

குரோமோசோம் முனையில் வரும் ஆறெழுத்து டெலோமியர் மாதிரி தெரிந்ததென்றால் நூலகம் போதும். தெரியாத அலகு, தெரியாத நீளம் என்றால் வேறு உத்தி வேண்டும். கேரி பென்சன் 1999இல் வெளியிட்ட டேண்டம் ரிப்பீட்ஸ் ஃபைண்டர் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு சிறு எழுத்துச் சரம் மறுபடி எங்கே வருகிறது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று குறித்துக்கொண்டே போகும். பக்கத்துப் பக்கத்துச் சரங்கள் பலவும் 171 என்ற ஒரே இடைவெளியைக் காட்டினால், 171 எழுத்து அலகு ஒன்று அங்கே அடுக்கி இருக்கக்கூடும். அதன் பிறகுதான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு உறுதி செய்யும். அலகின் வரிசை என்னவென்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை.

2003இலேயே ஜீனோம் முடிந்துவிட்டது என்றார்களே, 2022இல் மறுபடி ஏன் “முழுமை” என்றார்கள்?

2003 ஏப்ரலில் முடிந்ததாக அறிவித்தபோது சுமார் 8 சதவீதம் படிக்கப்படாமல் இருந்தது. பெரும்பாலும் சென்ட்ரோமியர்கள், ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகள், பெரிய நகல் துண்டுகள். அந்தக் காலக் கருவிகளால் அவற்றைக் கோக்க முடியவில்லை.

ஒரு கீர்த்தனைப் புத்தகம் துண்டு துண்டாகக் கிழிந்துவிட்டது என்று வையுங்கள். சரண வரி உள்ள துண்டை எந்த இடம் என்று உடனே சொல்லிவிடலாம். பல்லவி மட்டும் உள்ள துண்டு எந்தச் சரணத்துக்கு அப்புறம் வந்தது? சொல்ல முடியாது. பல்லவியோடு சரணத்தின் ஓரமும் சேர்ந்து வரும் அளவுக்குத் துண்டு நீளமாக இருந்தால்தான் இடம் தெரியும்.

எக்ஸ் குரோமோசோமின் சென்ட்ரோமியரைப் பாருங்கள். 171 எழுத்து அலகுகள் 12 சேர்ந்து சுமார் 2,000 எழுத்துள்ள ஒரு தொகுதி. தொகுதிக்குள் பக்கத்து அலகுகள் ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபடும். ஆனால் தொகுதியும் அடுத்த தொகுதியும் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்று. இப்படி சுமார் 1,500 தொகுதிகள் அடுக்கி 31 லட்சம் எழுத்துவரை போகிறது. கருவி ஒரு தடவையில் படித்துத் தரும் 150 எழுத்துத் துண்டுகளை, அதாவது வாசிப்புகளை, வைத்துக்கொண்டு இதில் எது முதல், எது நூறாவது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு தொழில்நுட்பங்கள் வழி திறந்தன. ஒன்று 15,000 முதல் 20,000 எழுத்து நீளத்தை 99.9 சதவீதத் துல்லியத்தோடு படிக்கும் பாக்பயோவின் ஹைஃபை. மற்றது, துல்லியம் குறைவானாலும் லட்சம் எழுத்துக்கு மேல் ஒரே மூச்சில் படிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர். தொகுதிகளுக்கு இடையே அரிதாக இருக்கும் ஒற்றை எழுத்து வேறுபாட்டை முதலாவது காட்டும். தூரத்தில் இருக்கும் இரண்டு வேறுபாடுகளை இரண்டாவது இணைக்கும்.

மூன்றாவதாக, புத்திசாலித்தனமான ஒரு மாதிரித் தேர்வு. கேரன் மீகா, ஆடம் ஃபிலிப்பி, இவான் ஐக்லர் முதலானோர் இருந்த டி2டி (டெலோமியர் முதல் டெலோமியர் வரை) கூட்டமைப்பு, முத்துப்பிள்ளைக் கர்ப்பம் எனப்படும் அசாதாரணக் கருவிலிருந்து வந்த சிஎச்எம்13 என்ற செல்வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களை) எடுத்துக்கொண்டது. அதில் இரண்டு தொகுப்புகளும் ஒரே விந்தணுவின் நகல். அப்பா பிரதி, அம்மா பிரதி என்ற குழப்பமே இல்லை. அதன் 305.5 கோடி எழுத்து வரிசை 2022 வசந்தத்தில் சயின்ஸ் இதழில் வெளியானது. எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்திய பழைய மேற்கோள் வரிசையைவிட ஏறக்குறைய 20 கோடி எழுத்து கூடுதல். அந்தச் செல்வரிசையில் ஒய் குரோமோசோம் கிடையாது. வேறொருவரின் மாதிரியிலிருந்து 6.2 கோடி எழுத்துள்ள ஒய், 2023இல் முழுமையானது. அதுவரை நாம் பயன்படுத்திய ஒய்யில் பாதிக்கு மேல் வெற்றிடம்.

சரி, இதெல்லாம் குப்பை டி.என்.ஏ தானே?

சுசுமு ஓனோ 1972இல் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். அவருடைய வாதம் அலட்சியமானதல்ல: இத்தனை கோடி எழுத்தும் அவசியம் என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் வரும் புது மாற்றங்களின் சுமையை எந்த உயிரினமும் தாங்காது என்பது. 2012இல், ஜீனோமின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிட முயன்ற என்கோட் திட்டம், 80 சதவீதத்தில் ஏதோ ஓர் உயிர்வேதியியல் செயல்பாடு தெரிகிறது என்று அறிவித்தது. பத்திரிகைகள் “குப்பை என்பதே இல்லை” என்று எழுதின. டான் கிராவர் முதலானோர் கடுமையாக மறுத்தார்கள். ஓரிடத்தில் ஆர்.என்.ஏ உருவாகிறது, ஒரு புரதம் ஒட்டுகிறது என்பதாலேயே அந்த இடம் உடலுக்குத் தேவை என்று ஆகிவிடாது. வெங்காயத்தின் ஜீனோம் நம்முடையதைப்போல ஐந்து மடங்கு பெரிது. நம்மைவிட ஐந்து மடங்கு வேலையா அது செய்கிறது என்று டி. ரையன் கிரகரி கேட்ட கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் வரவில்லை.

நான் நம்புவது பரிணாமக் கணக்கை. பல உயிரினங்களின் ஜீனோம்களை வரிசைப்படுத்தி, எதிர்பார்ப்பைவிடக் குறைவாக மாறிய இடங்களைத் தேடுகிறோம். ஃபைலோபி, ஃபாஸ்ட்கான்ஸ் போன்ற மதிப்பெண்கள் அதைத்தான் செய்கின்றன. 240 பாலூட்டிகளை ஒப்பிட்ட ஜூனோமியா திட்டம் 2023இல் குறைந்தது 10.7 சதவீதம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்றது. புரதம் எழுதும் பகுதியைப்போலப் பல மடங்கு இது. 80 சதவீதத்துக்கு வெகு தூரம் கீழேயும் இருக்கிறது. இந்த முறைக்கும் குருட்டுப் புள்ளி உண்டு: மனிதக் குரங்குகளிடம் மட்டும் புதிதாக வந்த செயல்பாடு இதில் தெரியாது.

பெரும்பாலான ரிப்பீட்கள் செத்த பிரதிகள், சிதைந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றை உடல் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. எது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பயன்படுத்தியிருக்கிறது என்பதற்கு உதாரணம்?

கை கால் உருவாகும்போது எஸ்எச்எச் மரபணுவை இயக்கும் சுவிட்சு அதிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. இசட்ஆர்எஸ் என்று பெயர். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் குழந்தை ஆறு விரலோடு பிறக்கலாம். பாம்புகளில் இந்தச் சுவிட்சு சிதைந்திருக்கிறது. 2016இல் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தபோது எலிக்குக் கால்கள் சரியாக வளரவில்லை.

ரிப்பீட்டே வேலை செய்வதற்கு, நம் வால் போன கதை. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவின் ஓர் இன்ட்ரானில், வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவான ஒரு ஆலு ஒய் இருக்கிறது. வாலுள்ள குரங்குகளுக்கு அங்கே அது இல்லை. பக்கத்து இன்ட்ரானில் எதிர்த்திசையில் ஒரு பழைய ஆலு. ஆர்.என்.ஏ-வில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி வளையமாக, நடுவில் மாட்டிக்கொண்ட ஆறாவது எக்ஸான் (இன்ட்ரான்களுக்கு இடையே உள்ள துண்டு) சில நேரம் விடுபட்டுப் போகிறது. அப்படி விடுபட்ட வடிவத்தை எலியில் உருவாக்கியபோது வால் குட்டையாகவோ இல்லாமலோ பிறந்தது. புரதம் எழுதும் எழுத்து ஒன்றுகூட இங்கே மாறவில்லை. எக்ஸான்களை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சைட்டின் புரதமும் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் சொத்துதான்.

இவை இன்றும் தாவுகின்றனவா?

ஆமாம். 5 லட்சம் எல்1 பிரதிகளில் பெரும்பாலானவை வெட்டுப்பட்டவை. முழு நீளம் 6,000 எழுத்து. தாவும் திறனுள்ளவை ஒருவரிடம் சுமார் 80 முதல் 100 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1988இல் ஹெய்க் கசேசியன் குழு, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளி இருவரின் எட்டாம் காரணி மரபணுவில் புதிதாக எல்1 நுழைந்திருந்ததைக் காட்டியது. பெற்றோரிடம் அது இல்லை. டிரான்ஸ்போசானை முதலில் கண்டுபிடித்த பார்பரா மெக்லின்டாக், மக்காச்சோளத்தில் அவர் செய்த வேலைக்கு 1983இல்தான் நோபல் பெற்றார். மனிதரில் நேரடி ஆதாரம் அதற்கு ஐந்தே ஆண்டு கழித்து வந்தது.

கணினியில் இதைத் தேடுவது ஜோடி வாசிப்புகளை, அதாவது ஒரே டி.என்.ஏ துண்டின் இரு முனைகளையும் படித்தவற்றை, வைத்து. ஜோடியில் ஒன்று சாதாரண இடத்தில் பொருந்தி, மற்றது ஏதோ ஒரு ஆலு அல்லது எல்1-இல் பொருந்தினால் சந்தேகம் வரும். அந்த இடத்திலேயே பாதி பொருந்தி மீதி ஏ-ஏ-ஏ என்று ஓடும் வாசிப்புகளும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். மெல்ட் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன.

எக்ஸோம் ரிப்போர்ட் நார்மல் என்கிறது. ஆனால் டாக்டர் தனியாக ரிப்பீட் டெஸ்ட் எழுதியிருக்கிறார். பணம் பிடுங்குகிறார்களா?

பெரும்பாலும் இல்லை, டாக்டர் சரியாகத்தான் யோசிக்கிறார். எக்ஸோம் பரிசோதனை புரதம் எழுதும் துண்டுகளை மட்டும் பிடித்துப் படிக்கிறது. ரிப்பீட் நீண்டுபோவதால் வரும் நோய்களில் பல அந்தத் துண்டுகளுக்கு வெளியே இருக்கின்றன. ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்ற நரம்பு நோயில் ஜிஏஏ நீள்வது இன்ட்ரானில். ஃப்ரஜைல் எக்ஸ் என்ற அறிவுத்திறன் குறைபாட்டில் சிஜிஜி 200ஐத் தாண்டுவது மரபணுவின் தொடக்கத்தில், புரதப் பகுதிக்கு முன்னால். 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட சி9ஆர்ஃப்72-இல் ஆறெழுத்து ரிப்பீட் இன்ட்ரானில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் நீள்கிறது. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கும் ஒருவகை மறதி நோய்க்கும் அது காரணம். எஸ்சிஏ12 என்ற தள்ளாட்ட நோய் உலகில் அரிது. இந்தியாவில், குறிப்பாக வட இந்தியக் குடும்பங்களில், கணிசமாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே சிஏஜி நீள்வதும் புரதப் பகுதியில் இல்லை.

முழு ஜீனோமைப் படித்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு வாசிப்பு 150 எழுத்து. சிஏஜி 50 தடவை வந்தாலே 150 எழுத்து நிறைந்துவிடும். இரு ஓரமும் அதற்குள் அடங்காது. எக்ஸ்பான்ஷன்ஹன்டர் போன்ற கருவிகள் முழுக்க ரிப்பீட்டே நிறைந்த வாசிப்புகள் எத்தனை வந்தன என்று எண்ணி நீளத்தை மதிப்பிடும். சந்தேகம் எழுப்ப அது போதும். உறுதி செய்ய ரிப்பீட்டுக்கென்றே உள்ள பிசிஆர், சதர்ன் பிளாட் போன்ற ஆய்வகச் சோதனை அல்லது நீள வாசிப்பு தேவை. முடிவு வந்ததும் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எண்ணை மட்டும் பார்த்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். உதாரணமாக, எஃப்எஸ்எச்டி என்ற தசை நோயில் ரிப்பீட் குறைவதுதான் பிரச்சினை: 3,300 எழுத்து அலகு நான்காம் குரோமோசோமின் ஓரத்தில் 10 அல்லது அதற்குக் கீழே போனால், அடங்கிக் கிடந்த ஒரு மரபணு விழித்துக்கொள்ளும்.

ஒரு வாசிப்பு பல இடத்தில் பொருந்தினால் மென்பொருள் என்ன செய்கிறது?

பிடபிள்யூஏ போன்ற வரிசைப்படுத்தும் கருவி ஏதோ ஓரிடத்தில் போட்டுவிட்டு, பொருத்தத் தரம் பூஜ்ஜியம் என்று எழுதிவிடும். அடுத்த கட்ட மென்பொருள் பூஜ்ஜியத்தை ஒதுக்கிவிடும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது. அந்த இடத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்பதுபோல ரிப்போர்ட் வெளியே வரும்.

எஸ்எம்என்1, எஸ்எம்என்2 இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேபோல இருக்கும் நகல்கள். முதலாவது இல்லாமல் போனால் முதுகுத்தண்டு தசைச்சிதைவு நோய் வரும். இரண்டையும் பிரித்துக்காட்டும் முக்கியமான எழுத்து ஏழாவது எக்ஸானில் ஒன்றே ஒன்று: சி இருந்தால் முதலாவது, டி இருந்தால் இரண்டாவது. சாதாரண ஓட்டத்தில் இந்த வாசிப்புகள் பூஜ்ஜியத் தரத்தோடு தூக்கி எறியப்படலாம். அதனால் அந்த எழுத்தில் சி எத்தனை, டி எத்தனை என்று தனியாக எண்ணும் கருவிகளை எழுதினார்கள். உங்கள் ஆய்வகத்தின் மென்பொருள் பூஜ்ஜியத் தர வாசிப்புகளை என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு மாணவரின் முதல் வேலை என்பேன்.

டி.என்.ஏ கைரேகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டது ஆளுக்கு ஆள் நீளம் மாறும் ரிப்பீட்களைத்தான். இந்தியாவில் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தில் லால்ஜி சிங் உருவாக்கிய முறையில் பயன்பட்ட, ஒத்த வரிசையைத் தேடிப் பிடிக்கும் ஆய்வுத் துண்டு, கட்டுவிரியன் பாம்பின் சேட்டிலைட் டி.என்.ஏ-விலிருந்து வந்தது, ஜிஏடிஏ என்ற நான்கெழுத்து அதில் திரும்பத் திரும்ப வரும். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இந்தத் தொழில்நுட்பம் பயன்பட்டது. இன்று அமெரிக்காவின் தடயவியல் தரவுத்தளம் 20 இடங்களில் மைக்ரோசேட்டிலைட் நீளத்தை அளக்கிறது.

இந்தப் பகுதியில் ஒரு மறைமொழி இருக்கிறது என்று படித்தேன், உண்மையா?

1994இல் ஒரு இயற்பியல் குழு, புரதம் எழுதாத பகுதியில் எழுத்துச் சரங்களின் அடுக்கு, மனித மொழிகளில் சில சொற்கள் மிக அதிகமாகவும் பல சொற்கள் அரிதாகவும் வருவதைச் சொல்லும் சிஃப் விதியின் வளைவை அதிகம் ஒத்திருக்கிறது என்று எழுதியது. அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது. வெகு சீக்கிரமே மறுப்புகள் வந்தன: சாதாரண ரிப்பீட்களும், எழுத்துகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதுமே அந்த வளைவை உண்டாக்கப் போதும். வளைவு பொருந்துவது பொருள் இருப்பதற்குச் சான்றாகாது.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடுமா?

நிறைய உதவும். 2021இல் வந்த என்ஃபார்மர் சுமார் 2 லட்சம் எழுத்தை ஒரே பார்வையில் எடுத்து, எந்த மரபணு எவ்வளவு இயங்கும் என்று கணிக்கிறது. 2025இல் டீப்மைண்ட் அறிமுகப்படுத்திய ஆல்ஃபாஜீனோம் 10 லட்சம் எழுத்தை எடுத்துக்கொள்கிறது. இசட்ஆர்எஸ் மாதிரித் தொலைவுச் சுவிட்சுகளை எட்டிப்பிடிக்கும் நீளம் அது. ஆனால் ரிப்பீட் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு குரோமோசோமில் பயிற்சி கொடுத்து இன்னொன்றில் சோதித்தால் போதும் என்று நினைப்போம். ஒரே ஆலு குடும்பம் இரண்டிலும் இருக்கிறதே! கணிக்கும் மாதிரி (மாடல்) கற்றுக்கொண்டதா, பழைய பிரதியை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க, ஒத்த வரிசைகளைச் சோதனைத் தொகுப்பிலிருந்து நீக்க வேண்டும். ஒரு கட்டுரையின் முறைகள் பகுதியில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

வீட்டு லேப்டாப்பில் எதையாவது செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. முழு ஜீனோமை எடுக்காதீர்கள், 21ஆம் குரோமோசோம் போதும், சுமார் 4.5 கோடி எழுத்துதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் யுசிஎஸ்சி ஜீனோம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்பில் ரிப்பீட் பகுதிகள் சின்ன ஆங்கில எழுத்திலும் மற்றவை பெரிய எழுத்திலும் இருக்கும். பைதானில் பத்து வரி எழுதினால் சின்ன எழுத்து எத்தனை சதவீதம் என்று வந்துவிடும். ரிப்பீட்களை என் என்ற எழுத்தால் அழித்துவிட்ட இன்னொரு கோப்பும் இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். அழித்ததைத் திரும்பப் பெற முடியாது. சின்ன எழுத்தை வேண்டியபோது கண்டுகொள்ளாமல் விடலாம், அவ்வளவுதான்.

அடுத்து ரிப்பீட்மாஸ்கர் அட்டவணையையும் மரபணு அட்டவணையையும் இறக்கி, பெட்டூல்ஸ் என்ற கருவியை வைத்து எத்தனை ஆலு இன்ட்ரானுக்குள் விழுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு கோப்பும் ஒரே மேற்கோள் வரிசையைச் சேர்ந்தவையா என்று முதலில் பாருங்கள். யுசிஎஸ்சி அட்டவணை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ரிப்பீட்மாஸ்கரின் நேரடி வெளியீடு ஒன்றிலிருந்து. இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு எல்லையும் ஓர் எழுத்து நகரும். மொத்த எண்ணிக்கையில் அது தெரியாது, இரட்டித்த எழுத்துகளைத் தேடும்போது தெரியும்.

பிறகு அதே குரோமோசோமை டி2டி வரிசையிலும் எடுத்து, குட்டைக் கையை மட்டும் ஒப்பிடுங்கள். பழைய கோப்பில் வெறும் என் என்று நீளும் இடத்தில், புதியதில் சேட்டிலைட்களும் ரைபோசோம் மரபணுக்களும் பெரிய நகல் துண்டுகளும் நிறைந்திருக்கும்.